சேதன இரசாயனத்துக்கு எந்தத் துணைநூல் வாங்குவது?



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, ரூ காயில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது ஒரு தாய் என்னை மறித்தார். "அண்ணை, மகன் செப்டெம்பரில பாஸ் தொடங்கிறான். கெமிஸ்ற்றிக்கு என்ன புத்தகம் வாங்கிறது? இந்த முறை சரியாச் சொல்லுங்கோ" என்றார். கையில் முருங்கைக்காய்க் கட்டு, தோளில் வேலைப் பை. காலை ஐந்து மணிக்கு அலுவலகம் துப்புரவாக்கப் போய், அப்போதுதான் திரும்பி வந்தவர்.

"இந்த முறை" என்ற சொல் எனக்குச் சுட்டது. காரணம் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவரின் மூத்த மகளுக்கும் நான்தான் புத்தகம் சொன்னேன். ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய, வண்ணப் படங்கள் நிறைந்த, உலகப் பெயர் பெற்ற ஒரு பாடநூல். புதிதாகவே வாங்கினார்கள். அந்தப் பிள்ளை கெட்டிக்காரி. முதலாவது அத்தியாயத்திலிருந்து ஒழுங்காக வாசித்து, நாலு நிறப் பேனையால் குறிப்பெழுதி, நத்தாருக்கு முன் ஐந்தாம் அத்தியாயம் வரை வந்துவிட்டாள். பரீட்சையோ பல்தேர்வு வினா. ஒரு வினாவுக்கு ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோதான். நேரத்துக்கு எதிராக அவள் ஒரு நாளும் பழகியிருக்கவில்லை. இரசாயனத்தில் விழுந்தாள். நூல் நல்ல நூல்தான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு, அந்த ஆண்டில், அது தவறான நூல். அந்தப் பிழை என்னுடையது. ஆகவே, தம்பிக்காவது சரியாகச் சொல்ல வேண்டுமென்று யோசித்ததை எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கு எழுதுகிறேன்.

பாஸ் என்பது என்னவென்று அறியாத பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், மகப்பேற்றியல் ஆகியவற்றுக்குப் போகும் முதலாண்டு அது. பழைய பாசெஸ் முறை 2020 இல் மாறி இது வந்தது. பாஸ் ஆண்டைத் திரும்பப் படிக்க முடியாது. தவறினால் எல்.ஆ.எஸ். எனும் வேறு பாதையால் இன்னொரு முறை முயலலாம். ஆனால் அதே வகுப்பில் மறுபடி இருக்க விடமாட்டார்கள். ஊரில் உயர்தரம் மூன்று முறை எடுத்துப் பழகிய எமக்கு இது சட்டென்று பிடிபடுவதில்லை. முதல் தரத்திலேயே பிள்ளையின் நேரத்தை வீணாக்காத நூல் வேண்டும் என்பது இதனால்தான்.

முதலில், துணைநூல் என்பது துணைநூலே. பேராசிரியர் தரும் 'பொலிகொப்பியே' தான் மூலநூல். பரீட்சை அதிலிருந்துதான் வருகிறது. எனவே செப்டெம்பர் முதல் வாரத்தில் ஓடிப்போய் எதையும் வாங்க வேண்டாம். இரண்டு மூன்று வகுப்புகள் நடந்து முடியட்டும். பொலியைக் கையில் எடுத்துக்கொண்டு, பிள்ளைக்கு எந்தப் பக்கத்தில் மூச்சு முட்டுகிறது என்று கேளுங்கள். பாடம் விளங்கவில்லையா, பாடம் விளங்கியும் கணக்கு வரவில்லையா, கணக்கு வந்தும் நேரம் போதவில்லையா? இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு நோய். முதலாவதற்கு விளக்க நூல். இரண்டாவதற்கு விடை விளக்கத்துடன் கூடிய பயிற்சி நூல், இங்கே 'எக்ஸர்சிஸ் கொறிஜே' என்பார்கள். மூன்றாவதற்குப் பழைய வினாத்தாள்கள், அதாவது 'அன்னால்'. மூத்த மகளுக்கு இருந்தது மூன்றாவது நோய். நான் கொடுத்தது முதலாவதற்கான மருந்து.

லீசே பிள்ளைகளின் நிலை சற்று வேறு. 2019 இல் பிறெமியேருக்கும் 2020 இல் தெர்மினாலுக்கும் பாடத்திட்டம் மாறியது. ஆகவே அவர்களுக்கு வாங்கும் எந்த வழிகாட்டியும் அதற்குப் பின் வந்த பதிப்பாக இருக்க வேண்டும். அண்ணன் படித்த 2014 ஆம் ஆண்டுப் புத்தகம் தம்பிக்குப் பாதிதான் உதவும். பல்கலைக்கழக நூலுக்கு இந்தக் கவலை இல்லை. ஐதரொட்சைட்டு அயன் காபனைத் தாக்கும் விதம் இருபது ஆண்டில் மாறிவிடவில்லை. பழைய பதிப்பைப் பாதி விலைக்கு வாங்குவதில் ஒரு நட்டமுமில்லை.

அடுத்து மொழி. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எம்மவரின் பணம் அதிகம் வீணாவது இங்கேதான். லண்டனிலுள்ள சித்தப்பா ஆங்கில நூல் அனுப்புகிறார். சென்னைக்குப் போய்வந்த மாமி நுழைவுத் தேர்வுப் புத்தகங்கள் ஒரு பெட்டி கொண்டு வருகிறார். எங்கள் தலைமுறை ஆசிரியர்கள் மொறிசன், பொய்ட் எழுதிய நூலைக் கோயில் போல மதித்தவர்கள். 1959 இல் முதற்பதிப்பு வந்த நூல் அது, இன்றும் நல்ல நூலே. ஆனால் பிரெஞ்சில் கேட்டு, பிரெஞ்சில் எழுத வேண்டிய பிள்ளைக்கு முதல் துணைநூல் பிரெஞ்சிலேயே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நாம் நைதரசன் என்பதை இங்கே 'அசோத்' என்கிறார்கள். 1787 இல் லவோசியே கூட்டத்தார் வைத்த பெயர், உயிரற்றது என்ற பொருளில். குறியீடு மட்டும் உலகமெங்கும் ஒன்றுதான். சோடியம் ஐதரொட்சைட்டு இங்கே 'சூட்'. தனிச்சோடி இலத்திரன் 'டுப்லே நோன் லியான்'. 1912 இல் நோபல் பரிசு பெற்ற விக்தோர் கிறின்யார் பிரெஞ்சுக்காரர். ஆங்கில நூல் முழுவதும் அவர் பெயரால் வழங்கும் சேர்வைகளை, அவருடைய நாட்டிலேயே வகுப்பில் பெரும்பாலும் 'ஓர்கானோ மன்யேசியன்' என்றுதான் கேட்பீர்கள். பரீட்சை மண்டபத்தில் இந்தச் சொற்களுக்கு அகராதி புரட்ட நேரமில்லை.

இதற்காக வீட்டில் தமிழில் விளங்கப்படுத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. தமிழ் இந்தப் பாடத்துக்குப் புதிதல்ல. மானிப்பாயில் இருந்த கிறீன் வைத்தியரின் முயற்சியால் 1875 இலேயே 'கெமிஸ்தம்' என்ற நூல் தமிழில் அச்சாகிவிட்டது. இலங்கையில் நாம் சேதன இரசாயனம் என்று படித்தோம், தமிழ்நாட்டில் கரிம வேதியியல் என்கிறார்கள், பொருள் ஒன்றே. கருநாடி என்ற சொல்லைப் பாருங்கள். கருவை நாடிப் போவது. நேர்மின்னுள்ள இடத்தைத் தேடிப் போகும் பொருள் என்பதை ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது. 'நுக்ளியோஃபில்' என்று மனனம் செய்த பிள்ளைக்கு இதைச் சொன்னபோது, "மாமா, அப்ப இலத்திரன்நாடி எண்டால் மற்றப் பக்கமோ?" என்று தானே கண்டுபிடித்தது. அப்பா உயர்தரம் படித்தவரென்றால் இந்த உதவியைச் செய்யலாம். பயிற்சியைப் பிரெஞ்சில் செய்யட்டும்.

இனிக் கடையில் நின்று நூலைச் சோதிப்பது எப்படி? பத்து நிமிடம் போதும். அட்டையில் 'எல்லாம் ஒரே நூலில்' என்று எழுதியிருப்பதையும், எத்தனை நூறு வினா உண்டு என்பதையும் பார்க்க வேண்டாம். நான் மூன்று இடங்களைப் புரட்டுவேன்.

முதலாவது, அம்புக்குறி. சூட்டும் புரோமோஎதேனும் சேர்ந்து எதனோல் தரும் தாக்கத்தைத் தேடுங்கள். எந்த நூலிலும் இருக்கும். வளைந்த அம்பு ஒட்சிசனின் தனிச்சோடியிலிருந்து புறப்பட்டுக் காபனில் போய் நிற்க வேண்டும். இரண்டாவது அம்பு காபன் புரோமீன் பிணைப்பிலிருந்து புறப்பட்டுப் புரோமீனில் முடிய வேண்டும். அம்பு என்பது இலத்திரன் சோடியின் பயணம், அணுவின் பயணமல்ல. எமது சனிக்கிழமை வகுப்பில் பத்துப் பிள்ளைகளில் ஆறேழு பேர் ஐதரசன் அயனிலிருந்து அம்பை வெளியே கீறுகிறார்கள். அதனிடம் கொடுப்பதற்கு இலத்திரனே இல்லை, பிறகு எதைக் கொடுக்கும்? நல்ல நூல் இந்தப் பிழையை ஓரிடத்திலாவது எடுத்துக்காட்டி எச்சரிக்கும். அம்பே கீறாமல் 'இது போட்டால் அது வரும்' என்று பட்டியல் மட்டும் தரும் நூலை மூடி வைத்துவிடுங்கள். நானும் ஊரில் அப்படித்தான் தாக்குபொருட் பட்டியலைப் பாடமாக்கினேன். இங்கே பொறிமுறை தெரியாமல் பட்டியலோடு போனால் வினாவைச் சற்றுத் திருப்பிக் கேட்டவுடன் கவிழ வேண்டியதுதான். தெர்மினாலிலேயே வளைந்த அம்பு பாடத்திட்டத்தில் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, விடைப் பக்கம். பின்பக்கத்தில் 'விடை: இ' என்று மட்டும் போட்டிருந்தால் அது வினாத்தாளே தவிர வழிகாட்டி அல்ல. ஓர் உதாரணம் சொல்கிறேன். 2-புரோமோ-2-மெதைல்புரோப்பேனை, எதனோலில் கரைத்த பொட்டாசியம் ஐதரொட்சைட்டுடன் சூடாக்கினால் என்ன கிடைக்கும்? விடை 2-மெதைல்புரோப்பீன். சரி. ஆனால் மற்ற விடைகள் ஏன் பிழை? புரோமீன் இருக்கும் காபனைச் சுற்றி மூன்று மெதைல் கூட்டங்கள் காவல் நிற்கின்றன. பின்பக்கத்தால் கருநாடி நுழைய வழியில்லை, எனவே எஸ்.என்.2 நடக்காது. வலிமையான மூலமும் வெப்பமும் இருப்பதால் ஐதரசனைப் பிடுங்கி நீக்கல் தாக்கமே முன்னுக்கு நிற்கும். அதே பொருளை வெறும் நீருடன் விட்டிருந்தால் காபோகற்றயன் வழியாக எஸ்.என்.1 நடந்து அற்ககோல் பெருமளவில் வந்திருக்கும். இந்த நாலு வரி இருக்கிற நூலுக்கும் 'இ' என்ற ஓர் எழுத்து இருக்கிற நூலுக்கும் விலை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பல்தேர்வுப் பரீட்சையில் பிள்ளையைக் காப்பாற்றுவது பிழையான விடையைப் பிழை என்று அறியும் திறன்.

மூன்றாவது எனக்கு மிகவும் விருப்பமான சோதனை. நூலின் சுட்டியில் தாத்தாரிக் அமிலம் எங்கே என்று பாருங்கள். ரூ காய்க் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் புளியின் புளிப்புக்கு முக்கிய காரணமே இந்த அமிலம்தான். முந்திரிகையிலும் உண்டு, வைன் பீப்பாயின் அடியில் படிவதும் இதன் உப்பே. 1848 இல் இதே பாரிஸ் நகரில், எக்கோல் நோர்மாலில், இருபத்தைந்து வயதான லூயி பாஸ்தேர் இதன் உப்புப் பளிங்குகளை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, வலக்கை இடக்கை போல இரு வகை இருப்பதைக் கண்டு, சாவணத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். ஒரு வகையின் கரைசல் முனைவாக்கப்பட்ட ஒளியை வலப்பக்கம் திருப்பியது, மற்றது இடப்பக்கம். அரிசியில் கல் பொறுக்குவது போன்ற வேலை; அதிலிருந்துதான் திண்மச் சமபகுதியம் என்ற முழுப் பாடமும் பிறந்தது.

இப்போது வினாவுக்கு வருவோம். தாத்தாரிக் அமிலத்தில் சமச்சீரற்ற காபன்கள் இரண்டு. ஒவ்வொன்றும் ஆர் அல்லது எஸ் ஆகலாம். இரண்டை இரண்டால் பெருக்கினால் நாலு சமபகுதியம் வர வேண்டும் என்று பிள்ளை எழுதும். உண்மையில் இருப்பது மூன்று. இரண்டு காபனிலும் ஒரே மாதிரியான கூட்டங்களே இருப்பதால், ஆர்-எஸ் என்பதும் எஸ்-ஆர் என்பதும் ஒரே மூலக்கூறு. திருப்பிப் பிடித்தால் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தும். அதற்குள் ஒரு சமச்சீர்த் தளம் இருக்கிறது, ஒளியையும் திருப்பாது. அதை மெசோ என்பார்கள். புளியில் இருப்பது ஆர்-ஆர் வகை. 'நாலல்ல, மூன்று' என்பதைப் படம் கீறி, இரண்டையும் பக்கத்தில் வைத்து, திருப்பிக் காட்டி விளக்கும் நூல் நல்ல ஆசிரியர் எழுதிய நூல். சூத்திரத்தை மட்டும் கொடுத்து ஓடும் நூல் பிள்ளையை நட்டாற்றில் விடும். லீசேயில் அதிகம் பழகாத இந்தப் பகுதி பல்கலைக்கழகத்தில் ஆரம்ப வாரங்களிலேயே வந்து விழுவதால், முதலில் இடறுவதும் இங்கேதான். வீட்டில் விளங்காவிட்டால் நாலு நிற முந்திரிகைப் பழமும் பற்குச்சியும் எடுத்துச் செய்து பார்க்கலாம். முடிந்ததும் சாப்பிட்டும் விடலாம்.

நூற்பெயர் கேட்பவர்களுக்குச் சில. போல் ஆர்னோவின் பெயரில் டுனோ பதிப்பகம் வெளியிடும் பாடநூல் பிரெஞ்சுப் பல்கலைக்கழக முதலாண்டுகளுக்கு நெடுங்காலமாகப் பழக்கமானது. அதற்குத் துணையான பயிற்சி நூலும் தனியே உண்டு. என் மதிப்பில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்தப் பயிற்சி நூலே முதல் தெரிவு. வொல்ஹார்ட், ஷோர் எழுதிய நூலும், கிளேடனும் அவருடைய கூட்டாளிகளும் எழுதிய நூலும் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் கிடைக்கின்றன. இரண்டும் மலை. இரசாயனத்தையே பட்டமாகப் படிக்கும் பிள்ளைக்கு அவை பல ஆண்டு கூடவரும். பாஸ் பிள்ளைக்கு நூலகத்தில் ஓர் அத்தியாயம் பார்த்தால் போதும். ஆங்கிலம் நன்கு தெரிந்த பிள்ளைக்கு டேவிட் கிளைன் எழுதிய இரண்டு சிறு தொகுதிகளைச் சொல்வேன். சேதன இரசாயனத்தை ஓர் இரண்டாம் மொழி போலக் கற்பிக்கிறேன் என்று தலைப்பிலேயே சொல்லுகிறார். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு இந்த முறை இலகுவில் பிடிபடுகிறது.

வாங்குமுன் இரவல் பெறுங்கள். ரூ பஜோலில் ஆலயம் இருக்கும் அதே தெருவில், அல் பஜோல் கட்டடத்தில் 2013 முதல் வாஸ்லாவ் ஹாவல் நூலகம் இருக்கிறது. பாரிஸ் மாநகர நூலகங்களில் புத்தகம் இரவல் பெறக் கட்டணமில்லை. அங்கே இல்லாததை வேறு கிளையிலிருந்து பதிவு செய்து பெறலாம். பல்கலைக்கழகப் பிள்ளைக்கு அங்குள்ள நூலகத்தில் கிளேடன் போன்ற பெரு நூல்கள் நிச்சயம் இருக்கும். ஓரிரு கிழமை வைத்திருந்து, பிள்ளை தானாகத் திறந்து பார்க்கிறதா என்று கவனியுங்கள். திறந்தால் வாங்கலாம். கார் து நோரில் 4 ஆம் இலக்க மெத்ரோ ஏறி சென் மிஷேலில் இறங்கினால், புல்வாரில் ஜிபேர் கடையில் பாவித்த நூல்கள் புதியவற்றின் பக்கத்திலேயே அடுக்கப்பட்டிருக்கும். பாவித்ததை வாங்கும்போது முன்னைய சொந்தக்காரர் பயிற்சிகளுக்கு உள்ளேயே விடை எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். எழுதியிருந்தால் அந்த நூல் இறந்துவிட்டது.

பாஸ் பிள்ளைகளுக்கு இன்னொன்று. மருத்துவ பீடங்களில் மேல் வகுப்பு மாணவர்களே நடத்தும் 'தூத்தொறா' உண்டு. மிகக் குறைந்த செலவில், அந்தந்தப் பேராசிரியரின் பாணியிலேயே ஆக்கிய பல்தேர்வு வினாக்களும் மாதிரிப் பரீட்சைகளும் தருகிறார்கள். கடையில் விற்கும் எந்த நூலும் அந்தப் பேராசிரியரை அறியாது. தனியார் பயிற்சி நிலையங்களுக்கு ஆயிரக்கணக்கான யூரோ கட்டுவதற்கு முன், கடன் எடுப்பதற்கு முன், பிள்ளை தூத்தொறாவில் பதிந்துவிட்டதா என்று கேளுங்கள். பல வீடுகளில் அப்படி ஒன்று இருப்பதே பெற்றோருக்குத் தெரிவதில்லை.

வாங்கிய பின் நூலை எப்படிப் பாவிப்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விடையை ஒரு தாளால் மூடிவிட்டு ஒரு நாளைக்கு ஐந்து கணக்கு, கடிகாரம் பக்கத்தில். பிழைத்ததை ஒரு பிழைக் கொப்பியில் ஒரு வரியில் ஏன் பிழைத்தது என்று எழுதுதல். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கொப்பியை மட்டும் பார்த்தல். விடையை வாசித்துவிட்டு "ஓம், விளங்கிது" என்று தலையாட்டுவது படிப்பல்ல. மூத்த மகள் அதை எனக்கு அழுதுகொண்டு சொன்னாள். அவள் இப்போது உயிரியல் பட்டப்படிப்பில் இருக்கிறாள். தம்பியின் பொலியை அவளே வாங்கிப் பார்த்து, எந்தப் பகுதிகள் என்று எனக்குப் பட்டியல் எழுதித் தந்தாள்.

தம்பிக்கு நாங்கள் முடிவு செய்தது இவ்வளவே: தூத்தொறாவில் பதிவு, ஆர்னோவின் பயிற்சி நூல் பாவித்த பிரதி ஒன்று, ஒரு கொப்பி. அக்காவின் பெரிய நூல் அலுமாரியில் இருக்கிறது. இடறும் இடத்தில் மட்டும் திறப்பான். தாய் ஒதுக்கி வைத்திருந்த பணத்தில் முக்கால்வாசி மிஞ்சியது. "அப்ப மிச்சத்துக்கு என்ன அண்ணை வாங்கிறது?" என்று கேட்டார். அவனுடைய மேசைக்கு நல்ல விளக்கு ஒன்று வாங்கச் சொன்னேன்.

கடைசியாக மாணவருக்கு ஒரு பயிற்சி. ஆலயத்தில் ஏற்றும் கற்பூரம் ஒரு கீற்றோன். அதன் மூலக்கூறில் பத்துக் காபன், பதினாறு ஐதரசன், ஓர் ஒட்சிசன். சமச்சீரற்ற காபன்கள் இரண்டு. அவற்றோடு இணைந்த கூட்டங்கள் தாத்தாரிக் அமிலத்தைப் போல ஒரே மாதிரியானவை அல்ல. ஆகவே மெசோ என்று சொல்லித் தப்ப முடியாது. அப்படியிருந்தும் கற்பூரத்துக்கு நாலு சமபகுதியமில்லை, இரண்டுதான். ஏன்? வளையத்தின் குறுக்கே போகும் பாலத்தைப் பற்குச்சியால் கட்டிப் பாருங்கள். விடையைச் சனிக்கிழமை வகுப்புக்குக் கொண்டு வரலாம். சரியான விளக்கத்தை அடுத்த இதழில் தருகிறேன்.